வாசகர் கேள்வி – பதில்: ஆய்வுக்கூடத்திலிருந்து சாரத்துக்கு

கோடைக்கால மின்கட்டணம் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை அடுத்து, மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கட்டடங்கள் பற்றியும் அதற்கான ஆய்வு, படிப்பு, தொழிற்பயிற்சி பற்றியும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஆற்றல் சிக்கனக் கட்டடங்கள் குறித்துப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நடப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே உண்மையில் எதைத்தான் அளக்கிறார்கள்? அதனால் சாதாரண வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ என்ன பயன்?
– கட்டடக்கலை மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: சென்னையையும் உள்ளடக்கிய ஓர் ஆய்விலிருந்தே தொடங்கலாம். அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா என ஐந்து வகைத் தட்பவெப்பத்தைக் காட்டும் ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், மூன்று பருவங்களிலும், 6,330 பதில்களைத் திரட்டினார்கள். ஊழியர் தம் இருக்கையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், அவரைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை, ஈரப்பதம், வேகம் ஆகியவற்றைக் கருவிகள் அளக்கும். கூடவே, வெக்கையாக இருக்கிறதா, குளிர்கிறதா, இப்படியே இருந்தால் போதுமா என்று அவரிடம் கேட்கப்படும். இவ்வாறு பெற்ற பதில்களையும் அளவுகளையும் ஒப்பிட்டு, இந்தியர்களுக்கு எந்த வெப்பநிலை இதமாக இருக்கிறது என்பதற்கான கணக்கு ஒன்றை 2014இல் உருவாக்கினார்கள். அது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்றது.

அந்தக் கணக்கு சொல்வது மிகவும் பயனுள்ளது. வெளியே அண்மை நாள்களின் சராசரி வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, சன்னலும் மின்விசிறியுமாக இயங்கும் அலுவலகத்தில் உள்ளவர்களுக்குச் சுமார் 29 டிகிரி இதமாகவே இருக்கிறது. தேவைப்பட்டபோது மட்டும் ஏ.சி. போடும் அலுவலகத்தில் அது சுமார் 26 டிகிரி. ஆனால் நம் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் 22 டிகிரியில் வைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கிறோம். ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசு அமைப்பான எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. இந்தியாவில் விற்கப்படும் அறை ஏ.சி.கள் 2020 சனவரி முதல் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி வந்ததும் இந்தச் சிந்தனையின் வழியில்தான்.

இன்னொன்று ஹைதராபாத்தில் நடந்தது. அங்குள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் இணைந்து, மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஏ.சி. கட்டடங்களின் மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு பூசி, பூசுவதற்கு முன்னும் பின்னும் ஆன மின்செலவை ஒப்பிட்டன. வெறும் கான்கிரீட் தளமாக இருந்ததை வெள்ளையாக்கியபோது ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 13 முதல் 14 யூனிட் வரையும், கறுப்பாக இருந்த தளத்தை மாற்றியபோது 20 முதல் 22 யூனிட் வரையும் மிச்சமானது. 2012இல் வெளியான இந்த அளவுகளுக்குப் பிறகு, வெள்ளை மாடி நல்லது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 100 சதுர மீட்டர் கான்கிரீட் மாடியுள்ள அத்தகைய அலுவலகத்தின் உரிமையாளரிடம், ஆண்டுக்கு 1,300 யூனிட் என்று கணக்காகவே சொல்ல முடியும். 2012இல் தொடங்கிய இந்திய–அமெரிக்கக் கூட்டு ஆய்வு மையமும் இந்தத் துறைக்கு வலு சேர்த்தது; இந்தியத் தரப்பில் அதற்குத் தலைமை ஏற்றது செப்ட் பல்கலைக்கழகமே.

உங்கள் ஊரிலேயே, தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆற்றல் சிக்கனக் கட்டடக்கலையில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. ஆர்வம் இருந்தால் அதைப் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: சூடு இறங்காது என்று ஆய்வுகள் சொல்வதாகக் கேள்விப்பட்டு, செங்கல்லுக்குப் பதிலாக ஏ.ஏ.சி. பிளாக் எனப்படும் இலேசான கான்கிரீட் கல் வைத்து வீடு கட்டினோம். மே மாதத்தில் மாடி அறையில் இருக்க முடியவில்லை. ஆய்வு சொல்வது தவறா?
– கட்டட ஒப்பந்தக்காரர், நாமக்கல்

பதில்: ஆய்வில் தவறில்லை. ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது ஒரு கல். நீங்கள் கட்டியிருப்பது ஒரு சுவர். இவ்விரண்டுக்கும் நடுவே கொத்தனாரின் கரண்டி இருக்கிறது என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

ஏ.ஏ.சி. பிளாக்கின் உள்ளே நுண்ணிய காற்றுக்குமிழ்கள் நிறைந்திருப்பதால் அதன் வழியாக வெப்பம் மெதுவாகவே நுழையும். ஆனால் அந்தக் கற்களுக்கு இடையில் நாம் வைக்கும் சிமெண்ட் சாந்து, கல்லைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இதற்கென்றே விற்கப்படும் ஒட்டுப்பசையை, விளிம்பில் பற்கள் உள்ள பல் கரண்டியால் இழுத்து, சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் இணைப்புப் போட வேண்டும். செங்கல் கட்டிப் பழகிய கை, வரிசையின் ஏற்ற இறக்கத்தைச் சாந்தின் கனத்தால் சரிசெய்யப் பார்க்கும். இணைப்பு 12, 15 மில்லிமீட்டர் என்று தடித்துவிடும். அப்படித் தடித்த ஒவ்வொரு இணைப்பும் வெப்பம் உள்ளே வரும் பாதை. செங்கல்லைப் போல இதையும் தொட்டியில் ஊறவைத்துக் கட்டுவதைச் சில இடங்களில் பார்க்கிறோம். குமிழ்களில் தண்ணீர் புகுந்த கல், காயும்வரை வெப்பத்தைத் தடுக்காது. பூசிய பிறகு விரிசலும் விடும். இந்தக் கல்லின் முகத்தை லேசாக நனைத்தால் போதும்.

முதல் வரிசை ரசமட்டத்துக்குச் சரியாக அமைந்துவிட்டால் மேல் வரிசைகளுக்குத் தடித்த சாந்தே தேவைப்படாது. இதை ஒரு கொத்தனாருக்குப் படம் போட்டு விளக்குவதைவிட, அவர் கையில் பல் கரண்டியைக் கொடுத்து, நான்கு வரிசை கட்டச் சொல்லி, அங்கேயே அளந்து காட்டுவது எளிது. அப்படிச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இல்லாமலேயே கல் மட்டும் லாரியில் வந்து இறங்கிவிட்டது என்பதுதான் இங்கே நேர்ந்த குறை. இதில் கொத்தனாரைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

இனி உங்கள் மாடி அறைக்கு வருவோம். கடைசித் தளத்து அறைக்குச் சுவரைவிடக் கூரை வழியாகவே அதிக வெப்பம் இறங்குகிறது, ஏனெனில் நம் ஊரில் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேராக விழுகிறது. குடியிருப்புகளுக்காக 2018 டிசம்பரில் வெளியிடப்பட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பு, கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 1.2ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட் அளவுக்குமேல் வெப்பம் செல்லக் கூடாது. காப்பு ஏதும் இல்லாத கான்கிரீட் தளத்தின் அளவு இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். சுவருக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பகுதியைக் கூரைக்கு ஒதுக்கியிருந்தால் பலன் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

இப்போதும் செய்யலாம். நீர்க்கசிவுத் தடுப்பை முதலில் முடித்து, அதன்மேல் 50 மில்லிமீட்டர் கனமுள்ள எக்ஸ்.பி.எஸ். என்னும் நுரைக் காப்புப் பலகைகளை இடைவெளியின்றிப் பொருத்தி, அதற்குமேல் தளக்கலவையும் வெள்ளை ஓடும் போட வேண்டும். பலகைகள் சேரும் இடங்களை நாடா ஒட்டி மூடாமல் விட்டால் கலவைப்பால் உள்ளே இறங்கி, அங்கும் வெப்பத்துக்குப் பாதை அமைந்துவிடும். வேலை நடக்கும்போது நீங்களே மாடியில் நின்று பார்ப்பது நல்லது. இத்தனைக்கும் வசதி இல்லையென்றால் தரமான வெள்ளைப் பூச்சு மட்டுமாவது அடியுங்கள். ஆனால் தூசி படிந்தால் அதன் திறன் குறையும் என்பதால் கோடைக்கு முன் கழுவிவிட வேண்டும். மேற்குச் சன்னலுக்கு மேலே போதிய சன்ஷேடு இல்லையென்றால் மூங்கில் தட்டியாவது வெளிப்புறத்தில் தொங்கவிடுங்கள். திரைச்சீலையை உள்ளே போடுவதால், கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திருப்பி அனுப்ப முடியாது.

கேள்வி: ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு முடித்து, ஏ.சி. மெக்கானிக்காகத் தொழில் செய்கிறேன். புதிய பயிற்சி, சான்றிதழ் என்று சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவருக்கு அவை எதற்கு?
– ஏ.சி. மெக்கானிக், மதுரை

பதில்: உங்கள் அனுபவத்தை மதித்தே சொல்கிறோம்: நீங்கள் படித்தபோது இருந்த வாயுவும் இயந்திரமும் இப்போது மாறிவிட்டன. ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. இன்று கடைக்கு வரும் பெரும்பாலான ஏ.சி.களில் உள்ள ஆர்-32 மெல்ல எரியக்கூடியது. சில வகைகளில் உள்ள ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். மூடிய அறையில் பழைய பழக்கத்தில் பற்றவைப்புக் குழாயைக் கொளுத்துவது உங்கள் உயிருக்கே ஆபத்து.

மின்சாரத்துக்கும் உங்கள் வேலைக்கும் உள்ள தொடர்பு இன்னும் பலருக்குத் தெரியவில்லை. ஐந்து நட்சத்திர முத்திரை, ஆய்வகத்தில் ஒழுங்காகப் பொருத்திச் சோதித்த இயந்திரத்துக்குத் தரப்பட்டது. வீட்டில் பொருத்தும்போது செப்புக் குழாயின் வாயை விரித்து முறுக்கிய பிறகு, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்த்து, வேக்கம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கும்வரை இழுக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, இயந்திரத்தில் உள்ள வாயுவையே சற்றுத் திறந்து காற்றை வெளியேற்றிவிடுவது பரவலான பழக்கம். உள்ளே தங்கிய காற்று குளிர்ந்து திரவமாகாது. அது அழுத்தத்தை ஏற்றி, கம்ப்ரஸரைக் கூடுதல் மின்சாரம் இழுக்க வைக்கும். தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கம்ப்ரஸரையே அரித்துவிடும். வெளி அலகைக் காற்று வெளியேற வழியில்லாத ஒடுங்கிய சந்தில் மாட்டினாலும் இதே நிலைதான், ஏனெனில் தான் வெளியேற்றிய அனல்காற்றையே அது திரும்ப இழுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் அதிக விலை கொடுத்து வாங்கிய ஐந்து நட்சத்திரத்தின் பலன், பொருத்திய அன்றே வீணாகிவிடுகிறது.

2019 மார்ச்சில் இந்திய அரசு வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. குளிர்விப்புக்கான ஆற்றல் தேவையை 2037–38க்குள் 25 முதல் 40 சதவீதம் வரை குறைப்பதை இலக்காக வைத்த அதே ஆவணம், பழுதுபார்க்கும் தொழிலாளர்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை 2022–23க்கான இலக்காக வைத்தது. குளிர்விப்பை முதன்மையான ஆய்வுத்துறைகளில் ஒன்றாகவும் அறிவித்தது. ஆய்வையும் தொழிலாளர் பயிற்சியையும் ஒரே தாளில் எழுதிய அந்த அணுகுமுறை சரியானது என்பது எங்கள் உறுதியான கருத்து. எனவே பயிற்சிக்குச் செல்லுங்கள். சேர்வதற்கு முன், வேக்கம் பம்ப்பையும் அந்த அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கேஜையும் உங்கள் கையில் தந்து பழக்குவார்களா என்று கேளுங்கள். திரையில் படம் காட்டிச் சான்றிதழ் தருகிற இடத்தில் உங்கள் நாளை இழக்க வேண்டாம்.

கேள்வி: எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து ஆலையில் வேலை செய்கிறேன். ஆற்றல் தணிக்கையாளர் ஆக என்ன வழி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆலையோ கட்டடமோ ஆற்றலை எங்கே எவ்வளவு செலவிடுகிறது, எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அளந்து சொல்பவரே ஆற்றல் தணிக்கையாளர். இதற்கு எரிசக்தித் திறன் பணியகத்தின் சார்பில் தேசிய அளவில் தேர்வு நடக்கிறது. முதல் மூன்று தாள்களில் தேறுபவர் ஆற்றல் மேலாளர். நான்காவது தாளிலும் தேறுபவர் ஆற்றல் தணிக்கையாளர். டிப்ளமோ படித்தவர்களுக்குப் பட்டதாரிகளைவிடக் கூடுதல் ஆண்டுகள் பணி அனுபவம் தேவை. மேலாளர் தேர்வுக்கும் தணிக்கையாளர் தேர்வுக்கும் தகுதி விதிகள் வேறுபடுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்து விண்ணப்பியுங்கள். பாடத்திட்டம் கொதிகலன், மோட்டார், பம்ப் என ஆலைப் பக்கம் சாய்ந்தது. கட்டடத் தணிக்கை உங்கள் நோக்கமானால் சுவர், கூரை, கண்ணாடி வழியாக வெப்பம் செல்லும் முறையைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் கற்பிக்கிறேன். மாணவர்களைக் கொண்டே கட்டடங்களைத் தணிக்கை செய்யவைக்க முடியுமா? அப்படி எங்காவது நடக்கிறதா?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: நடக்கிறது, நெடுங்காலமாக. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1976இல் அமெரிக்கா தொடங்கிய ஆலைத் தணிக்கை மையங்கள் பல்கலைக்கழகங்களில்தான் இயங்குகின்றன. பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் சிறு, நடுத்தர ஆலைகளுக்குச் சென்று, கட்டணமின்றி அளந்து, எங்கே எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்ற அறிக்கை தருகிறார்கள். உரிமையாளருக்கு அறிக்கை கிடைக்கிறது. மாணவருக்குத் தொழில் கைவருகிறது. 2010இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமையில், பிலடெல்பியாவின் பழைய கடற்படைத் தளத்தில், ஆற்றல் சிக்கனக் கட்டடங்களுக்கென்றே ஒரு மையத்தை அந்நாட்டு எரிசக்தித் துறை அமைத்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 12 கோடியே 20 லட்சம் டாலர் வரை ஒதுக்கியது. புதிய கட்டடங்களைவிட, ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களைச் சீரமைப்பதற்கு அது முதன்மை கொடுத்தது எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கிருந்த பழைய கட்டடம் ஒன்றையே புதுப்பித்து, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்தினார்கள்.

இந்தியாவில் 2020இல் தொடங்கிய சோலார் டெகத்லான் இந்தியா போட்டியில், மாணவர் குழுக்கள் உண்மையான கட்டுமானத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் தனக்குத் தேவையான ஆற்றலைத் தானே ஈடுகட்டும் கட்டடமாக அதை வடிவமைக்க வேண்டும். இந்திய–சுவிட்சர்லாந்து கட்டட ஆற்றல் திட்டமும் மாணவர்களுக்கு முகாம்கள் நடத்தியிருக்கிறது. சென்னைப் பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளைக் கொண்ட, 'கலங்கரை விளக்கம்' என்று பெயரிட்ட மத்திய அரசின் முன்மாதிரி வீட்டுத் திட்டம் நடந்தபோது, முன்கூட்டியே வார்த்த பகுதிகளைப் பொருத்திக் கட்டும் முன்வார்ப்புக் கான்கிரீட் முறையை நேரில் கற்க மாணவர்களுக்கு வழி செய்யப்பட்டது.

உங்கள் கல்லூரி இவை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. விடுதியின் கடைசி மாடியில் ஓர் அறையையும், அதற்கு நேர் கீழே ஓர் அறையையும் எடுத்துக்கொண்டு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானே பதிவு செய்யும் சிறு கருவிகளை மார்ச் முதல் மே வரை வையுங்கள். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஆகியவை மின்னியல் துறையிலேயே இருக்கும். பிறகு பாதி மாடிக்கு மட்டும் வெள்ளை பூசி, இரு பாதிகளுக்கும் கீழே உள்ள அறைகளை அளந்து ஒப்பிடுங்கள். பூசும் வேலையை மாணவர்களும் உள்ளூர்ப் பெயிண்டர்களும் சேர்ந்து செய்யட்டும். அளவுகளைப் பெயிண்டர்களுக்கும் காட்டுங்கள். அவர்கள் அடுத்த வீட்டில் பேசும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும்.

கேள்வி: இந்த ஆற்றல் சிக்கனக் கட்டட விதிகள் எல்லாம் எங்களைப் போன்ற தனி வீட்டுக்காரர்களைக் கட்டுப்படுத்துமா?
– வாசகி, சென்னை

பதில்: 2007இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. ஆற்றல் சேமிப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் குடியிருப்புகளையும் வரம்புக்குள் கொண்டுவர வழிவகுத்தது. ஆயினும் அதன் நோக்கம் பெரிய அடுக்ககங்கள்தான். சிறிய தனி வீடு கட்டுபவருக்கு இப்போதைக்குக் கட்டாயமில்லை என்றாலும், மேலே சொன்ன கூரைக்கான வெப்பக் கடத்தல் அளவைப் பொறியாளரிடம் நீங்களே கேட்டு வாங்கலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா வீடு மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய முறைக் கூரை கொண்டது. சுண்ணாம்புச் சுவர், சுருக்கித் தளம். ஏ.சி. இல்லாமலே இருந்தோம். அந்த முறைக்கே திரும்பினால் என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கனமான சுவரும் தளமும் பகல் வெப்பத்தை உள்வாங்கி, மெதுவாக வெளிவிடும். இரவில் காற்று நன்றாகக் குளிரும் ஊரில், முற்றத்தையும் சன்னலையும் திறந்துவைத்தால் அந்த வெப்பம் வெளியேறிவிடும். கடலோரத்தில் இரவும் புழுக்கமாகவே இருப்பதால் இந்தப் பலன் குறைவு; அங்கே நிழலும் காற்றோட்டமுமே முதன்மை. ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே விடை இல்லை.

சுருக்கித் தளத்துக்காகச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கும் வேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள் என்பது பெரிய இடர்ப்பாடு. அந்தக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் என்ன செய்கின்றன என்பதை வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். மண்கட்டுமானத்துக்கு 1989 முதல் இயங்கும் ஆரோவில் மண் நிறுவனம், ஆய்வையும் கைப்பயிற்சியையும் ஒரே வளாகத்தில் நடத்துகிறது; பல நாடுகளிலிருந்தும் வந்து கல் அழுத்தவும் வளைவு கட்டவும் கற்றுச் செல்கிறார்கள். சுருக்கித் தளத்துக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். முதிய கொத்தனார்களுக்கு ஆசிரியருக்குரிய சம்பளம் கொடுத்து, கல்லூரிகள் அவர்களை அழைக்க வேண்டும். தாமதித்தால் கேட்டறிய ஆள் இருக்கமாட்டார்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சித்தாள் வேலை செய்கிறேன். கல் கட்டவும் பூசவும் தெரியும். ஆனாலும் சித்தாள் கூலிதான். இந்தப் பயிற்சிகளில் எங்களைப் போன்ற பெண்களுக்கு இடம் உண்டா? (மகள் எழுதிய கடிதம்)
– கட்டடத் தொழிலாளி, விழுப்புரம்

பதில்: உண்டு, அம்மா, இருந்தாக வேண்டும். மெல்லிய இணைப்புப் போடுவது, காப்புப் பலகை பொருத்துவது, வெள்ளைப் பூச்சு அடிப்பது ஆகியவற்றுக்கு உடல் பலத்தைவிடக் கவனமும் கைப்பக்குவமுமே தேவை. புதிதாக வந்த வேலைகள் என்பதால் இவற்றை ஆண்கள்தான் செய்ய வேண்டும் என்ற வழக்கமும் இன்னும் வேரூன்றவில்லை. ஒப்பந்தக்காரர்கள் இந்தப் பணிகளுக்கு ஆள் தேடும் இந்த நேரத்திலேயே பெண்கள் நுழைந்துவிட வேண்டும்.

1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம், பதிவு பெற்றவர்களுக்குத் திறன் பயிற்சியும் அளிக்கிறது. பதிவு இல்லையென்றால் மகளின் துணையோடு முதலில் அதைச் செய்யுங்கள், இருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறையும் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. உங்களைப் போன்று கை பழகியவர்களுக்கு அது ஏற்றது. அதில் கொத்தனார் வேலைக்கே விண்ணப்பியுங்கள், உதவியாளர் என்று எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயிற்சி நாள்களில் இழக்கும் கூலிக்கு ஈடு தருவார்களா, எவ்வளவு, எப்போது என்பதை மாவட்டத் தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு சேருங்கள்.